போறணைக்குப் போய்வந்த தட்டு

கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த வாழைப்பழத்தைச் சிறுமி உள்ளங்கையில் துப்பினாள். சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு மிகுந்த மரியாதையுடன் நீட்டினாள்.

"இந்தாங்க பெரியம்மா."

"எனக்கெதுக்குடி இது?"

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு நிறைஞ்சிருச்சு."

"எங்க நிறைஞ்சிச்சு? வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிருச்சே. வீட்டுக்குள்ள போகவே இல்லியே."

சிறுமி வாயைத் திறந்து காட்டினாள். ஒன்றும் இல்லை. முன்பல்லும் இல்லை.

மார்ஜரி அந்த ஈரக் கூழை வாங்கிக் கொல்லைப்புறத்துக் கோழிகளுக்கு எறிந்தாள். தட்டில் மிச்சம் கிடந்தவற்றைப் பார்த்தாள். பாதி கோழிக்கூட்டு வாழைப்பழம். காலையில் வெட்டிவைத்த பப்பாசித் துண்டுகள். ஒன்றில் மட்டும் பல்தடம். நேற்றைய அன்னாசியில் அதுவும் இல்லை. எல்லாவற்றையும் கோப்பைக்குள் போட்டு முள்ளுக்கரண்டியால் மசித்தாள். ரவையையும் மாவையும் சீனியையும் எடுத்தாள். சிறுமி ஜசிந்தா கதவு நிலையில் முதுகைத் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறணைக்கா?"

"ஆமா. கராம்பு டின்னை எடு."

இப்போதுதான் சிறுமிக்குப் பசி வந்ததுபோல் கால்கள் ஓடின. கலவையைத் தட்டில் ஊற்றியதும் ஒரு மூலையில் மூன்று கராம்புகளைக் குத்துவது அவள் வேலை. அது அந்த வீட்டின் அடையாளம். புஹாரி நானாவின் பேக்கரியில் மாலைப் பாண் இறக்கிய பிறகு போறணை அடுப்பில் சூடு மிச்சமிருக்கும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் கேக் தட்டுகளை அந்தச் சூட்டில் வைத்து எடுப்பார்கள். கிறிஸ்மஸுக்கும் பெருநாளுக்கும் தட்டுகள் வரிசையாக வரும். ஒரு வீட்டுத் தட்டில் தோடம்பழத் தோல் சிலுவையாகக் கிடக்கும். இன்னொரு வீட்டுத் தட்டில் முந்திரிப்பருப்பு பிறை வடிவில் இருக்கும். மார்ஜரி வீட்டுக்குக் கராம்பு.

சந்தியில் மண்மூட்டைகளுக்குப் பின்னால் இராணுவக் காவலரண் இருந்தது. டிரான்ஸ்போமருக்குக் காவல் என்று சொன்னார்கள். மார்ஜரி அதற்குச் சற்று முன்பாகவே தட்டின் துணியைத் தானாக நீக்கிவிடுவாள். கேட்கும்வரை காத்திருந்தால் கேள்விகள் கூடும். போகும்போது சிப்பாய் எட்டிப் பார்ப்பதோடு சரி. திரும்பி வரும்போது சைக்கிள் கம்பி ஒன்றால் கேக்கின் நடுவில் குத்திப் பார்ப்பான். கம்பியில் ஒட்டிய தூளை நக்கிவிட்டு, "ஹொந்தாய்" என்பான். நல்லாயிருக்கிறதாம். தட்டைத் திருப்பிக் கொடுப்பான்.

அந்த ஓட்டை இருக்கும் துண்டுதான் ஜசிந்தாவுக்கு வேண்டும்.

"வாங்க மகள்," என்றார் புஹாரி. "என்ன இன்டைக்கு? பப்பாசியா?"

"எல்லாம்," என்றாள் ஜசிந்தா.

"எல்லாத்தையும் துப்பி வச்சீக்கிறீங்க. ஒங்களுக்கு கேக் தின்னக் கிடைக்குது. எனக்கு ஒரு பழமாச்சும் முழுசா மிஞ்சுதா எண்டா, இல்ல."

"நீங்க கடையில வாங்குங்க."

"ஹா! பாத்தீங்களா மார்ஜரி தங்கச்சி? ஒங்கட பேருக்கு ஏத்த மாதிரி மாஜரினப் பூசி வளத்தீக்கிறீங்க, புடிச்சா வழுக்குது."

பேக்கரியின் பின்சுவர் போறணையின் சுவர். சந்துபோன்ற ஒழுங்கைப் பக்கம் அது எப்போதும் சூடாக இருக்கும். கேக் வேகும்வரை ஜசிந்தா அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பாள். யாரோடும் பேசமாட்டாள். புஹாரி நீட்டும் சீனிப் பணிஸை வாங்கமாட்டாள். தட்டு வெளியே வந்ததும் முதலில் மூலையைப் பார்ப்பாள். கராம்பு கறுத்து அங்கேயே இருக்கும்.

அன்று தட்டைக் கொடுக்கும்போது புஹாரி கேட்டார்.

"ஒங்கட தங்கச்சி லூசியா வாறாளாமே?"

"வர்ற கிழமை."

"அல்ஹம்துலில்லாஹ். இனி ஒங்களுக்கும் ஓய்வு."

மார்ஜரி தட்டைத் துணியால் மூடினாள். கொஞ்சம் தூரம் போனதும் மறுபடி நீக்கவேண்டும். இருந்தாலும் மூடினாள்.

*

மார்ஜரி பிறந்தது உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா மரியாயி இறந்தபோது லூசியா தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மாத்தளை டவுனுக்கு இறங்கினார். கொக்கோ ஸ்டோர் ஒன்றில் காவல் வேலை. புடவைக்கடை ஒன்றுக்கு மேலே ஓர் அறை. மார்ஜரி தையல் பழகினாள். பள்ளிக்கூட யூனிபோம்கள், கோவிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டைகள். லூசியாவுக்குச் சடை பின்னிவிடுவதும் அவளை அடிப்பதும் கோவிலுக்குக் கூட்டிப்போவதும் மார்ஜரிதான். அம்மா என்று கூப்பிடாதே, அக்கா என்று கூப்பிடு என்று சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

எண்பத்துமூன்று ஜூலையில் கடைவீதி எரிந்தது. புடவைக்கடை எரிந்தால் மேலே அறை மிஞ்சாது. புஹாரியின் மனைவி றஹீமா அவர்களைப் பின்வாசலால் கூட்டிப்போய் மாவு ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினாள். மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தார்கள். சத்தங்கள் அடங்கி வெளியே வந்தபோது மூவரும் வெள்ளையாக இருந்தார்கள். லூசியா சிரித்தாள். அப்பா அழுதார். மார்ஜரி அறை இருந்த இடத்துக்குப் போய்த் தையல் மெஷினின் இரும்புத் தலையைத் தேடி எடுத்து வந்தாள். மரமெல்லாம் போய்விட்டது. புதிய பலகை அடித்து, அதே தலையில்தான் இன்னமும் தைக்கிறாள்.

ஞானரட்ணம் என்று ஒருவர் தபால் கந்தோரில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு வந்து அப்பாவிடம் மார்ஜரியைக் கேட்டுப் பேசியிருந்தார். ஜூலைக்குப் பிறகு ஊருக்குப் போனார். "நிலைமை சரியானதும் வாறன்," என்றார். நிலைமை சரியாகவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ்கள் மார்ஜரியின் ஒழுங்கையைத் தாண்டி அலுவிகாரைப் பக்கமாகத்தான் போகும். சில வருடங்களில் அந்தப் பஸ்களும் நின்றன.

அப்பா இறந்துபோன பிறகு லூசியாவைக் கட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை ரபாயேல் லொறி ஓட்டினான். நாவுலக்கு மரக்கறி ஏற்றப் போவான். ஒரு நாள் போனவன் லொறியை மட்டும் முதலாளிக்குத் திருப்பி அனுப்பினான். நாவுலயில் அவனுக்கு வேறொரு வீடு இருந்தது. ஜசிந்தா அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாள். லூசியா குவைத்துக்குப் போனாள்.

லூசியா போன கிழமையே சிறுமி சோற்றை நிறுத்தினாள். மருந்தகத்தில் பூச்சிமருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்தாள். வேறெதையும் தொடவில்லை. கொஞ்சம் பாலும் பாணின் உட்பகுதியும் மட்டும் இறங்கின. பழம் கொடுங்கள் என்றார்கள். மார்ஜரி ஒவ்வொரு பழமாக வாங்கினாள். ஒவ்வொன்றும் வாசலில் நின்று திரும்பியது.

லூசியா கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி அனுப்புவாள். அரபுப் பாட்டுகளுக்கு மேல் பதிந்த குரல். "ஜசிக்குட்டி, சாப்பிட்டீங்களா?" என்றுதான் எல்லாக் கேசட்டும் தொடங்கும். சிறுமி ரேடியோவின் பக்கத்தில் போய், "இல்ல," என்பாள். பிறகு விளையாடப் போய்விடுவாள். அந்தக் குரலுக்கு அவள் வைத்த பெயர் கேசட் அம்மா.

ஒரு கிறிஸ்மஸுக்கு, வீணாகிறதே என்று மார்ஜரி மிச்சப் பழங்களை மசித்துக் கேக்குக்குள் போட்டாள். சிறுமி கராம்பு குத்தினாள். கூடவே வந்தாள். சூட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு சாப்பிட்டாள். இன்னொரு துண்டு சாப்பிட்டாள். மார்ஜரி பார்க்காததுபோல் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அதற்குப் பிறகு ஹஜ் பெருநாள் ஒன்றுக்குப் பேக்கரி பூட்டியிருந்தது. மார்ஜரி மண்சட்டியில் கலவையை ஊற்றி, மூடிக்கு மேலும் தணல் போட்டு வீட்டிலேயே வேகவைத்தாள். நன்றாகத்தான் வந்தது. சிறுமி தொடவில்லை.

"அதே கேக்தான்டி."

"இது எங்கயும் போகலியே."

"எங்க போகணும்?"

"போயிட்டு வரணும்," என்றாள் ஜசிந்தா. அதற்குமேல் அவளுக்கு அதை விளக்கத் தெரியவில்லை. மார்ஜரி கேட்கவும் இல்லை. அடுத்த நாள் பேக்கரி திறந்தது.

*

லூசியா வாடகை வேனில் வந்து இறங்கினாள். கொஞ்சம் பருத்திருந்தாள். வீடு முழுக்க அத்தர் வாசம். பெட்டிகளில் பெரியதை டிரைவரும் அவளும் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்தார்கள். பெட்டியின் மேல் பொன்னிறக் கோழி ஒன்றின் படம் இருந்தது.

"உங்களுக்குத்தான் அக்கா. கரண்ட்ல வேலை செய்ற ஓவன். இனி தட்டைத் தூக்கிட்டு ஆமிக்காரன்கிட்ட போய் நிக்கத் தேவையில்ல."

"எதுக்குடி இவ்வளவு பாரம்?"

"ஜசி நீங்க செய்ற கேக் மட்டுந்தான் சாப்பிடுறான்னு கேசட்ல சொன்னீங்கல்ல. அன்னைக்கே நெனச்சுட்டேன்."

ஜசிந்தா தையல் மெஷினுக்கு அடியில் இருந்தாள். மிதியின் இரும்பு வலை வழியாக ஒரு கண் தெரிந்தது. லூசியா தரையில் அமர்ந்து ஊதாத் தாளைப் பிரித்து ஓர் அப்பிளை நீட்டினாள். உள்ளிருந்து ஒரு கை வந்தது. ஊதாத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.

முதல் நாட்கள் அப்படியே போயின. லூசியா சோற்றை உருண்டை பிடித்தாள். இடியப்பத்துக்குப் பாலும் சீனியும் போட்டாள். அப்பிளைத் தோல் சீவிப் பிறைபோல் வெட்டினாள்.

"இங்க பாருங்க, நிலா."

"நிலா வேணாம்."

"சரி, தோணி. இது தோணி."

"தோணியும் வேணாம். நன்றி."

அந்த நன்றியில் லூசியாவின் முகம் சுருங்கியது. விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசிவிட்டுச் சிறுமி ஓடிப்போனாள். மார்ஜரியிடம் பேசும்போது லூசியாவை "அவங்க" என்றாள். அவங்க செருப்பு, அவங்க சீப்பு, அவங்க எப்ப போவாங்க.

மின்சார அடுப்பில் முதல் கேக் வெந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சத்தில் அது உப்பி எழுவதைச் சிறுமி முழங்காலில் நின்று பார்த்தாள். லூசியாவும் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். இருவர் முகங்களும் கண்ணாடியில் தெரிந்தன. ஒரே நெற்றி. மார்ஜரி அதைப் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோக்கத் திரும்பினாள்.

கேக் பொன்னிறமாக வந்தது. பெட்டியில் இருந்த படத்தைப்போல. மூலையில் கராம்பு இல்லை. வீட்டிலேயே வேகும் தட்டுக்கு அடையாளம் எதற்கு.

"வேணாம்," என்றாள் ஜசிந்தா.

"ஏன்டா? பெரியம்மா செய்றதுதானே? ஏன்?"

சிறுமி மார்ஜரியைப் பார்த்தாள். மார்ஜரி நூலைப் பல்லால் கடித்தாள்.

அன்று மாலை சகோதரிகள் இருவரும் கிணற்றடியில் துணி அலசினார்கள். லூசியா ஜசிந்தாவோடு தனியாகக் குடிபோவதைப் பற்றிப் பேசினாள். வஹகோட்டையில் கோவிலுக்குப் போகும் வழியில் அவள் வாங்கிப்போட்ட துண்டுக் காணியும், அதில் எழும்பிய இரண்டு அறை வீடும் மார்ஜரிக்குத் தெரிந்தவைதான்.

"உங்களையும் வாங்கன்னு சொல்ல ஆசைதான் அக்கா. நீங்க வந்தா அவ என்கிட்ட வரமாட்டா."

"நான் வர்றேன்னு யாரு சொன்னா? என் மெஷினும் தையலும் இங்கதான் இருக்கு."

"குவைத்து மேடம் மறுபடி கூப்பிடுறா. வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்கு முடிவு சொல்லணும்." லூசியா ஒரு சட்டையைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள். "என் கையால ஒரு வாய் சாப்பிட்டான்னா நான் போகல. கூட்டிட்டு வஹகோட்டைக்குப் போயிடுவேன். இல்லன்னா இங்க நான் எதுக்கு? பட்டினி போட்டு இழுத்துட்டுப் போகவா முடியும்? உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஒரு வாய். மார்ஜரி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அந்த வருடம் மழை இல்லை. கயிறு முழுவதும் போய்த்தான் வாளி தண்ணீரைத் தொட்டது.

அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். சிறுமி மெஷினுக்கு அடியில் துண்டுத்துணி பொறுக்கிக்கொண்டு இருப்பாள். வருகிற வருடம் முன்பல் முளைத்துவிடும். பிறகு முதல்நன்மை. சட்டையை எந்தத் துணியில் தைப்பது என்றுகூட மார்ஜரி நினைத்து வைத்திருந்தாள்.

*

வியாழக்கிழமை பின்னேரம் லூசியா கடைசியாக ஒரு தடவை செய்து பார்க்கிறேன் என்றாள். சுருங்கிப்போன அப்பிள்கள், காம்பில் பழுப்படித்த திராட்சை, தோல் கறுத்த வாழைப்பழங்கள். எல்லாம் ஜசிந்தா தொடாதவை. லூசியா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மசித்தாள்.

"ரவை எவ்வளவு அக்கா?"

மார்ஜரி சொன்னாள்.

"கறுவாத்தூள்?"

சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நீர்த்தேக்கங்கள் வற்றி ஊரெல்லாம் முறைபோட்டு மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. அன்று முதல் அவர்களுடைய பகுதியின் முறை பின்னேரத்துக்கு மாறியிருந்தது. சந்தியில் இருந்த சிப்பாய்க்குக்கூட அது தெரியும். லூசியாவுக்குத் தெரியாது.

கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. கலவையின் ஓரங்கள் மெல்ல இறுகின. பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நடுவில் நின்றது. கண்ணாடி இருண்டது.

"கரண்ட் போச்சு!" என்று ஒழுங்கையின் இரு பக்கமும் பிள்ளைகள் கத்தினார்கள்.

லூசியா ஓவனின் குமிழைத் திருகினாள். மறுபடி திருகினாள்.

"எப்ப வரும்?"

"இருட்டின பிறகு."

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"ஊருக்கே தெரியும்."

லூசியா திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று மார்ஜரி எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. கதவைத் திறந்தாள். நடுப்பகுதி பச்சையாகக் குழிந்து போயிருந்தது. தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த வீட்டுல ஒரு ஆம்பளப் புள்ள," என்றாள். "ஜசி வயசுதான். நான்தான் ஊட்டுவேன். என் கையில பீங்கானைக் கண்டாலே ஓடிவந்து வாயைத் திறந்துட்டு நிக்கும். ஒரு சொல்லு சொல்லத் தேவையில்ல. அது வாயைத் திறக்கிற நேரமெல்லாம் நான் கண்ண மூடிக்குவேன் அக்கா. பழக்கமாயிருச்சு. கண்ண மூடிக்கிட்டே சரியா ஊட்டுவேன்."

கொல்லையில் ஜசிந்தா கோழிகளோடு சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு ஏஜென்சிக்குச் சொல்லிடுறேன், வர்றேன்னு."

மார்ஜரி மெஷினைவிட்டு எழுந்தாள். தட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஓரம் சூடு, நடு ஈரம். கொல்லைக் கதவுவரை போனாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு கோழி சிறுமியின் பாவாடையைக் கொத்தியது. சிறுமி அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அதுவும் மார்ஜரியிடம் கேட்டுப் பழகிய வார்த்தைதான்.

"ஜசி. கராம்பு டின்னை எடு."

கால்கள் ஓடி வந்தன. "போறணைக்கா?"

"ஆமா. இன்னும் பச்சையாத்தான் இருக்கு. குத்து."

சிறுமி பச்சையான இடம் தேடி, மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளி மூன்று கராம்புகளைக் குத்தினாள். மார்ஜரி துணியால் மூடித் தட்டை லூசியாவின் கையில் வைத்தாள்.

"நீ கொண்டுபோ. அவளையும் கூட்டிட்டுப் போ. வேகும்வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. விட்டுட்டு வந்துடாத."

"நீங்க வரலையா பெரியம்மா?" என்றாள் ஜசிந்தா.

"எனக்குக் கொலர் தைக்கணும்."

"பிறகு தைங்க."

"நாளைக்குக் குடுக்கணும். அம்மாவுக்குப் பாதை மறந்து போயிருக்கும். நீதான் காட்டணும்."

சிறுமி யோசித்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்தது. முன்னால் நடந்தாள். ஒழுங்கை வளைவில் இருவரும் மறையும்வரை மார்ஜரி வாசலில் நின்றாள். நிலையில், சிறுமி முதுகைத் தேய்க்கும் உயரத்தில், வண்ணம் போயிருந்தது.

மிதி மெஷினுக்கு மின்சாரம் தேவையில்லை. மார்ஜரி ஒரு கொலரை எடுத்துத் தைத்தாள். தலைகீழாக வைத்துத் தைத்திருந்தாள். பிரித்தாள். பேக்கரியிலிருந்து பாண் வாசம் வந்தது. இப்போது புஹாரி பாணை இறக்குவார். நீண்ட மரத்துடுப்பால் தட்டை உள்ளே தள்ளுவார். ஏன் மார்ஜரி வரவில்லை என்று கேட்பார். சுவர் சூடாக இருக்கும். லூசியாவும் அதில் சாய்ந்து நிற்பாளா, அல்லது பட்டுச் சட்டை அழுக்காகும் என்று தள்ளி நிற்பாளா? தட்டு கருகிவிடலாம். சிறுமி அடம் பிடித்து ஓடி வந்துவிடலாம். மார்ஜரி ஒழுங்கையில் ஓடும் காலடி கேட்கிறதா என்று மிதியை நிறுத்திக் கேட்டாள். கேட்கவில்லை. மறுபடி மிதித்தாள்.

வெயில் சுவரிலிருந்து இறங்கியபோது வந்தார்கள். சிறுமியின் குரல் முதலில் வந்தது.

"பெரியம்மா! அம்மா பயந்துட்டாங்க!"

"யாரு?"

"அம்மா! துணியை எடுக்காம அப்படியே போனாங்க. ஆமிக்காரன் கத்தினான். அம்மா தட்டோட அங்கயே நின்னுட்டாங்க. நான்தான் சொன்னேன், நாமதான் முதல்ல எடுக்கணும்னு. வரும்போது கரெக்டா எடுத்தாங்க."

"யாரு எடுத்தது?" என்றாள் மார்ஜரி. முதலிலேயே அவளுக்குக் கேட்டிருந்தது.

"அம்மாதான். உங்களுக்குக் காது கேக்காதா?"

லூசியா தட்டை மேசையில் வைத்தாள். அவளுடைய சட்டையின் முதுகில் சுவரின் கரி அப்பியிருந்தது. கேக் அடியில் கருகி, நடுவில் குழிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தப் போறணையிலிருந்து அவ்வளவு அசிங்கமான கேக் வந்ததில்லை. குழியின் நடுவே கம்பி குத்திய ஓட்டை.

"நானா கேட்டாரு, இது என்ன, பூமியதிர்ச்சியான்னு," என்றாள் லூசியா. சிரிக்க முயன்றாள்.

"ஓட்டைத் துண்டு," என்றாள் ஜசிந்தா.

லூசியா வெட்டினாள். துண்டு கையிலேயே உதிர்ந்தது. உதிர்ந்ததை விரல்களால் சேர்த்துப் பிடித்தாள். எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. ஜசிந்தா கிட்டே வந்து வாயைத் திறந்தாள். லூசியா கண்ணை மூடவில்லை.

மார்ஜரி கோழிகளைக் கூட்டில் அடைக்கப் போனாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. கோழிகள் அடைய மறுத்தன.

"அக்கா, உங்களுக்கு ஒரு துண்டு வைக்கவா?" என்று உள்ளிருந்து லூசியா கேட்டாள்.

"பிறகு," என்றாள் மார்ஜரி.

*

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. லூசியா காலையில் கொமியூனிகேஷன் கடைக்குப் போய் ஏஜென்சியைத் தொலைபேசியில் அழைத்து, குவைத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். பெட்டிகளைக் கட்டினார்கள். வஹகோட்டை வீட்டுக்கு இன்னும் மின்சாரம் எடுக்கவில்லை. அதனால் ஓவன் மாத்தளையிலேயே இருக்கட்டும் என்றாள்.

மத்தியானப் பஸ் தாமதமாக வந்தது. ஜசிந்தாவுக்கு ஜன்னல் பக்கம் கிடைத்தது. மிச்சக் கேக்கை ஊதாத் தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். "போயிட்டு வர்றேன் பெரியம்மா," என்றாள். எல்லோரும் சொல்வதுதான். "சரி," என்றாள் மார்ஜரி. கிறிஸ்மஸுக்கு வருவதாக லூசியா சொன்னாள். பஸ் அலுவிகாரைப் பக்கமாகப் போனது.

திரும்பும் வழியில் சந்திச் சிப்பாய் அவளுடைய பையைப் பார்த்தான். பையில் குடை இருந்தது. புஹாரி கடையில் ஒரு றாத்தல் பாண் வாங்கினாள். வீட்டுக்கு வந்து கேக் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அடியில் கருகியது முழுவதும் போகவில்லை. கொலர்களைத் தைத்து முடித்தாள். மெஷினுக்கு அடியில் துண்டுத்துணிகள் கிடந்தன. கூட்டினாள்.

மின்சாரம் முறைப்படி போய், முறைப்படி வந்தது. கூடையில் மூன்று வாழைப்பழங்கள் இருந்தன. இரண்டைச் சாப்பிட்டாள். ஒன்று நன்றாகக் கனிந்திருந்தது. அதைக் கோழிகளுக்குப் போட்டாள்.